மூன்று பட்டதாரிகளும் ஒரு மீட்டர் பெட்டியும்

1

நான் படிப்பை முடித்துப் பத்து வருடம் ஆகிவிட்டது என்பதைக் கல்லூரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பழைய மாணவர்களுக்கான இதழிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. "இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? நூறு சொற்களுக்குள் எழுதி அனுப்புங்கள். புகைப்படமும் வேண்டும். சிரித்த முகமாக இருந்தால் நல்லது."

நம் ஊரில் யார் என்ன ஆனார்கள் என்பது கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதே தெரிந்துவிடும். அமெரிக்காவில் அதற்கும் ஓர் இதழ் நடத்துகிறார்கள்.

நான் படித்தது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் படிப்பு. அப்போது என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் இரண்டு பேர். பியாட்ரிஸ் பிரேசில்காரி, சூழலியல் மாணவி. டாம் சோளக்காட்டு ஊர் ஒன்றிலிருந்து வந்த அமெரிக்கன். பூங்காவும் குளக்கரையும் சாலையோரமும் எப்படி இருக்க வேண்டும் என்று வரைகிற படிப்பு அவனுடையது. மூவரும் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றுவதாக முடிவு செய்திருந்தோம். யார் எந்தப் பகுதியைக் காப்பாற்றுவது என்பதில் மட்டும் அவ்வப்போது சண்டை வரும்.

பியாட்ரிஸ் இப்போது ஒரு விமான நிலையத்தில் வேலை செய்கிறாள். ஓடுபாதையில் வந்து உட்காரும் வாத்துகளை ஒரு நாயின் துணையோடு விரட்டுவது அவள் பணி. பறவைகள் மேல் இருந்த பிரியத்தால் சூழலியலுக்கு வந்தவள் அவள். டாம் பேரங்காடிகளுக்குக் கார் நிறுத்துமிடம் வரைகிறான். எத்தனை கார் நிற்க வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்வார்கள், மிச்சம் விழும் மூலைகளில் இவன் மரம் வைப்பான். நான் குளிர் மிகுந்த ஒரு சிறு நகரத்தின் நகராட்சியில் இருக்கிறேன். பழைய வீடு வைத்திருப்பவர்கள் ஜன்னலை மாற்ற வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். சென்ற குளிர்காலத்தில் ஒரு முதியவர் மரச் சட்டத்தை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் சட்டம் போட அனுமதி கேட்டார். கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு மறுத்தோம். "குளிர் உள்ளே வருகிறதே" என்றார் அவர். "அதோடு வரலாறும் வருகிறது" என்றார் எங்கள் குழுத் தலைவர். நான் தலையாட்டினேன். அதற்குத்தான் சம்பளம்.

இதையெல்லாம் இப்படியே எழுதி அனுப்ப முடியுமா? இதழில் வந்தபோது பியாட்ரிஸ் "வான்வழிப் போக்குவரத்தும் சிறகுள்ள உயிர்களும் இணைந்து வாழும் சூழலை உருவாக்கிவருகிறார்." டாம் "வணிக வெளிகளில் மனிதனுக்கும் மரத்துக்குமான உரையாடலை வடிவமைக்கிறார்." நான் "ஒரு நகரத்தின் நினைவுகளுக்குள் ஒளி நுழையும் வழிகளைக் காத்துவருகிறார்." மூவரும் சிரித்த முகமாக இருந்தோம். தொலைபேசியில் ஒருவர் குறிப்பை ஒருவர் படித்துக் காட்டிய அன்று பியாட்ரிஸுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

2

காஞ்சிபுரத்தில் என் வேலையை விளக்குவது இன்னும் கடினம். ஆரம்பத்தில் அம்மாவிடம் "பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் வேலை" என்று சொல்லிவைத்தேன். அம்மா அதை எங்கள் பகுதியான ஓரிக்கை முழுவதும் சொன்னார். ஒரு முறை ஊருக்குப் போயிருந்தபோது எதிர்வீட்டு வசந்தா அக்கா என்னைத் தனியாக அழைத்து, "ஏம்மா எஸ்தர், இவ்ளோ படிச்சிட்டு வாட்ச்மேன் வேலைக்கா போவற? துப்பாக்கியாச்சும் குடுத்துக்கிறாங்களா?" என்று கேட்டார். நான் மறுக்க மறுக்க, அவர் கண்களில் இரக்கம் கூடிக்கொண்டே போனது.

மின்னஞ்சல் வந்த அதே வாரத்தில்தான் அம்மாவின் அழைப்பும் வந்தது.

"ஏம்மா, கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் வூட்ட இடிக்கிறோம். ஜோசப்பு எல்லா ஏற்பாடும் பண்ணிட்டான். லீவு போட்டுக்கினு வந்து சேரு."

"எந்த வீட்டம்மா?"

"நமக்கு இன்னா பத்து வூடா இருக்குது?"

எங்கள் வீடு ஓரிக்கையில், பாலாற்றை ஒட்டிய காலனியில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, மேலே தளம். தாத்தா காலம் வரைக்கும் நாங்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவர் பெயரில் பட்டா வந்த முதல் மண் அதுதான். அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். அம்மா காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் புடவை எடுத்துக்காட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கூடத்தில் உட்கார்ந்து படித்துத்தான் நான் கட்டடக்கலைக்குப் போனேன், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போனேன். என் தொழில் மொழியில் சொன்னால் அது முக்கியத்துவம் வாய்ந்த கட்டடம்.

"அம்மா, அது அப்பா வாழ்ந்த வீடு" என்றேன்.

"வாய்ந்தாரு. வாய்ந்த நாள் பூரா அத்த திட்டிக்கினுதான் வாய்ந்தாரு."

"இடிக்காமலே சரி பண்ணலாம்மா. எனக்கு அதுதானே வேலை."

"உன் வேலைய அங்க பாரு. இங்க ஜோசப்பு பாத்துக்குவான்."

என் தம்பி ஜோசப் ஏசி மெக்கானிக். அவனிடம் பேசினேன். இடிப்பதற்கு முன்னால் யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டாமா என்று கேட்டேன்.

"வாங்கணும்க்கா, கண்டிப்பா வாங்கணும்."

எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. "யார்கிட்ட?"

"ஜேசிபிகாரன்கிட்ட. அன்னிக்கு வண்டி ஃப்ரீயான்னு கேக்கணும்ல?"

இந்தக் கதையை டாமிடமும் பியாட்ரிஸிடமும் சொன்னேன். அவர்கள் சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். சிரிக்கவில்லை. "பத்து வருடத்தில் ஒரு இடத்தையாவது காப்பாற்றினோமா?" என்று டாம் கேட்டான். "நாங்களும் வருகிறோம்" என்றாள் பியாட்ரிஸ். அவர்களுடைய விசா விண்ணப்பங்களுக்காக ஒரு மாதம் போராடினோம். தன் பாட்டனார் எங்கே பிறந்தார் என்று யாரும் தன்னிடம் இதுவரை கேட்டதில்லை என்று விசா படிவத்தைப் பார்த்து டாம் வியந்தான். எங்கள் ஊரில் பெயரைக் கேட்பதற்கு முன்பே அதைத்தான் கேட்பார்கள் என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

3

டிசம்பரில் போய்ச் சேர்ந்தோம். கணவருக்கு மருத்துவமனையில் விடுப்பு கிடைக்கவில்லை. நானும் ஒன்பது வயது மகள் நிலாவும் ஜோசப்பின் வாடகை வீட்டில் தங்கினோம். நண்பர்கள் இருவருக்கும் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு விடுதி.

ஆயிரம் ஆண்டுக் கோபுரங்கள் நிற்கிற ஊருக்கு வந்துவிட்டு, டாம் எங்கள் தொகுப்பு வீட்டின் முன்னால் நின்று கைகூப்பினான். சுவரைத் தட்டிப் பார்த்தான். தளத்தின் விளிம்பைத் தடவினான். குனிந்து தரையின் சிவப்புச் சிமெண்டை முகர்ந்துகூடப் பார்த்தான்.

"எவ்வளவு நேர்மையான கட்டடம்!" என்றான் ஆங்கிலத்தில்.

அம்மா என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன்.

"நேர்மையா? இத்த கட்டுன காண்ட்ராக்டரா?" என்றார் அம்மா. "ஒரே வெயில் காலத்துல மொத்த காலனியும் கட்டிட்டு ஓடிட்டாம்மா அவன். சிமிட்டிய கண்ல காட்டிட்டு மணலா கொட்டனான்."

நான் இதை மொழிபெயர்க்கவில்லை. டாம் புன்னகையோடு காத்திருந்தான். "ரொம்ப சந்தோஷம் என்கிறார்" என்றேன்.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். "உன் ஃப்ரெண்டு பாக்கற கஸ்டமரும்மா. முந்தானிய விரிக்க சொல்லும், திருப்ப சொல்லும், வெளிச்சத்துல புடிச்சிக் காட்ட சொல்லும். எல்லாத்தயும் நல்லாக்குதுன்னு சொல்லிட்டு கடைய வுட்டு எறங்கிடும். வாங்கற கஸ்டமரு இப்டி தொட்டுத் தொட்டுப் பாக்காது."

"அப்ப நான்?"

"நீ கஸ்டமரே கெடயாது. கடைல ஏசி ஓடுதேன்னு வந்து குந்திக்கிறவ."

பகல் சாப்பாடு அந்த வீட்டிலேயே. கோழிக் குழம்பு. பியாட்ரிஸ் இரண்டாவது முறை சோறு வாங்கியதால் அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. சாப்பாடு முடிந்ததும் அம்மா பாயை விரித்தார். "இவ்ளோ புடிச்சிருக்குதில்ல, அர மணி நேரம் படுத்துப் பாக்க சொல்லு." வெளியே வானம் கறுத்திருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். அம்மா கவனித்துவிட்டுத்தான் பாயை விரித்தார் என்று இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன்.

மழை இடித்துக்கொண்டு இறங்கியது. முதலில் மூலையில் சொட்டியது. பிறகு நடுவில். பியாட்ரிஸ் பாயோடு நகர்ந்தாள். அங்கேயும் சொட்டியது. டாம் மல்லாந்து படுத்துத் தளத்தின் விரிசல்களைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து அவன் வயிற்றில் விழுந்தது. "உச்!" என்று எழுந்து உட்கார்ந்தான். வயிற்றில் கிடந்ததைக் கையில் எடுத்து அழுத்தினான். அது மாவாக உதிர்ந்தது. காண்ட்ராக்டரைப் பற்றி அம்மா சொன்னதை அப்போது மொழிபெயர்த்தேன்.

அதற்குள் தெருத் தண்ணீர் வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய சாலையின் மேலேயே போட்டு, இப்போது தெரு எங்கள் கூடத்தைவிட ஒரு முழம் உயரம். "ரோடு போட போட நாங்க கீழ எறங்கிக்கினே இருக்கோம்" என்றார் அம்மா, முறத்தால் தண்ணீரை வாரி இறைத்தபடி. நிலா செருப்பைக் கப்பலாக விட்டு விளையாடினாள். "ஆயா, உங்க வீட்டுக்குள்ளயே ஸ்விம்மிங் பூல் இருக்கு!" என்று கத்தினாள்.

நானும் ஒரு குடத்தை எடுத்து இறைக்கத் தொடங்கினேன். அம்மா என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"உன் ஊர்ல பழைய வூடெல்லாம் ஒய்காதா?"

"ஒழுகும்மா. குளிரும்."

"அப்ப அவுங்க இன்னா பண்றாங்க?"

ஜன்னலை மாற்ற அனுமதி கேட்ட முதியவர் நினைவுக்கு வந்தார். "எங்கிட்ட வந்து கேப்பாங்க" என்றேன்.

"நீ இன்னா சொல்லுவ?"

நான் தண்ணீரை இறைத்தேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கோச்சிக்காத எஸ்தரு. இந்த மண்ண நான் எங்கயும் தூக்கிக் குடுக்கல. மண்ணு நம்மள்துதான். இந்த வூடு வாணாம். உங்கப்பா மாடி வச்சிக் கட்டணும், கட்டணும்னு சொல்லிக்கினே பூட்டாரு. ஊர்ல இருக்கிற அத்தனி பேரு மாடியயும் கீய நின்னு அண்ணாந்தே பாத்துட்டோம். ஒரு தபா மேல நின்னு பாக்கணும் எனுக்கு. அவ்ளோதான்."

இத்தனை வருடங்களில் நான் எழுதிய மதிப்பீட்டு அறிக்கைகளில் ஒன்றில்கூட உள்ளே இருப்பவரிடம் இதைக் கேட்டதில்லை. இந்த வீட்டில் நீங்கள் எங்கே நிற்க ஆசைப்படுகிறீர்கள்? படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.

டாம் அந்த நேரத்தில் மழையில் நனைந்தபடி தெருவில் நின்று எதையோ அளந்துகொண்டிருந்தான். திரும்பி வந்தவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கார் நிறுத்துமிடங்களில் பத்து வருடமாக அவன் உண்மையில் கற்றுக்கொண்டது மரம் வைப்பதை அல்ல, மழைத்தண்ணீரை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதைத்தான். "இடித்துவிடுங்கள்" என்றான். "அடித்தளத்தை இவ்வளவு தூக்குங்கள். வாய்க்கால் இந்தப் பக்கம் போகட்டும். உங்களுக்கு மட்டுமில்லை, வரிசையில் இருக்கும் எல்லா வீட்டுத் தண்ணீரும் ஆற்றுப்பக்கம் போய்விடும்."

மொழிபெயர்த்தேன். அம்மா தலையசைத்தார். "இப்பதான் பில்லு போட வந்துக்கீறாரு."

4

புத்தாண்டு ஆராதனை முடிந்த வாரம், சாமான்களையெல்லாம் ஜோசப் வீட்டுக்கு மாற்றிவிட்டோம். காலையில் பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். ஜேசிபி ஓட்டுநர் ஜெபம் முடியும்வரை வண்டியை அணைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். 'ஆமென்' சொன்னதும் ஏறி உட்கார்ந்தார். நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து கைக்குட்டையோடு தயாராக இருந்தேன்.

அப்போது பியாட்ரிஸ் ஓடிவந்து ஜேசிபியின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். ஓடுபாதையில் வாத்துகளை விரட்டும்போதும் இப்படித்தான் நிற்பாளாம், அங்கே பறவையைப் பார்த்து, இங்கே இயந்திரத்தைப் பார்த்து.

"இன்னாபா, ஸ்டே ஆர்டரா?" என்றார் ஓட்டுநர்.

வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த மின்சார மீட்டர் பெட்டியைப் பியாட்ரிஸ் காட்டினாள். கதவு உடைந்த பெட்டி. மீட்டருக்கு மேல் வைக்கோலும் பஞ்சும், காந்தி ரோடு வரை போய்ப் பொறுக்கி வந்ததுபோல் நாலைந்து பட்டு நூலும். உள்ளே மூன்று சிட்டுக்குருவிக் குஞ்சுகள். மூன்று வாய்களும் திறந்திருந்தன.

"மின்சாரம்?" என்று நான் பதறினேன்.

"நேத்தே ஃப்யூஸ புடுங்கியாச்சிக்கா" என்றான் ஜோசப். "எடுத்து வேற எங்கனா வச்சிடலாம் வுடு."

எடுத்து வைத்தால் தாய்ப்பறவை தேடி வரும் என்ற உறுதி இல்லை என்றாள் பியாட்ரிஸ். இன்னும் இரண்டு வாரமாவது ஆகும், பறக்க. ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வேலை திருப்புட்குழியில், போனால் மாசக் கடைசியில்தான் திரும்ப வர முடியும் என்றார். புது வீடு கட்ட ஜோசப் பேசிவைத்திருந்த மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். நிலா ஆயாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குத் தெரிந்த தமிழில், "ஆயா, வீட்டைக் கொல்லாதீங்க. உள்ளே பேபீஸ் குடியிருக்காங்க" என்றாள்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். இத்தனை நாள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட ஒப்புக்கொள்ளாத அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நிறுத்துபா வண்டிய."

"யம்மா! நீதானம்மா அவசரப்பட்ட!" என்று ஜோசப் கத்தினான்.

"வூடு நம்மள்து. நம்ம இடிச்சிக்கலாம். அந்தப் பொட்டி இப்ப அதுங்கள்து."

வரலாறு, பட்டா, அப்பா என்று மாதக்கணக்கில் வாதாடி என்னால் வாங்க முடியாத தடை உத்தரவை, வாய் திறக்க மட்டுமே தெரிந்த மூன்று குஞ்சுகள் ஒரு நிமிடத்தில் வாங்கிவிட்டன. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்ததும் என் படிப்பு விழித்துக்கொண்டது. ஒரு கட்டடத்தில் ஒரு பகுதியை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மற்றதை எடுப்பது எப்படி என்று ஒரு பருவம் முழுக்கப் பாடம் படித்திருக்கிறேன். அதற்குப் பிறகு அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

"ஜோசப், சவுக்குக் கம்பு கிடைக்குமா?" என்றேன்.

டாமும் மேஸ்திரியும் நானும் அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்தோம். சுவர் தளத்தோடு சேரும் இடத்தில் மேஸ்திரியின் ஆட்கள் கையாலேயே உளியடித்துப் பிரித்தார்கள். பியாட்ரிஸ் சற்றுத் தள்ளி நின்று, தாய்க்குருவி வரும்போதெல்லாம் கையைத் தூக்குவாள். உடனே எல்லா வேலையும் நிற்கும். குருவி ஊட்டிவிட்டுப் போனதும் கையை இறக்குவாள். ஜேசிபி ஓட்டுநர் திருப்புட்குழிக்குப் போன் போட்டு, "இங்க ஒரு ஆப்ரேஷன் நடந்துக்கினு இருக்குதுபா, லேட்டாவும்" என்றார். அவ்வளவு பெரிய இரும்புக் கையை அவர் அன்று புடவை மடிக்கிற நிதானத்தோடு இயக்கினார். சாயங்காலத்துக்குள் வீடு போய்விட்டது. நடுவில் ஒரே ஒரு சுவர், அதில் ஒரு மீட்டர் பெட்டி.

கைக்குட்டையை எடுக்கவே நேரம் கிடைக்கவில்லை. உடம்பெல்லாம் புழுதியாக நாங்கள் மூவரும் அந்தச் சுவரின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். யாரும் எங்களைச் சிரிக்கச் சொல்லவில்லை.

5

மின்வாரிய அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்குப் போன ஜோசப்பிடம், பழைய பெட்டியை ஏன் இன்னும் அகற்றவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். "அதுல ஆள் குடியிருக்காங்க சார்" என்றானாம். நேரில் பார்க்க வந்த ஊழியர், சுவரையும் முட்டுகளையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "பொறுமையா எடுங்க" என்று சொல்லிப் போனார். வசந்தா அக்கா தினமும் கொஞ்சம் அரிசி நொய் கொண்டுவந்து போட்டார். குஞ்சுகளுக்குப் புழுதான் ஆகும் என்று பியாட்ரிஸ் சைகையால் விளக்கிப் பார்த்தாள். வசந்தா அக்கா புரிந்துகொண்டதுபோல் தலையாட்டிவிட்டு மறுநாள் பொட்டுக்கடலை கொண்டுவந்தார்.

குஞ்சுகள் பறப்பதற்கு முன்பே எங்கள் விடுப்பு முடிந்துவிட்டது. நிலா விமானத்தில் ஏறும்வரை அழுதாள். நான் அலுவலகத்தில் இருந்தபோது அம்மாவின் அழைப்பு வந்தது.

"பறந்துச்சிங்கம்மா, மூணும். கடைசிது மட்டும் கொஞ்சம் பயந்துக்கினு இருந்துச்சி. வசந்தா கைதட்டி அனுப்பனா."

"சுவரு?"

"மதியமே எடுத்தாச்சி." பிறகு, "இன்னும் ரெண்டு நாள் வச்சிருக்கணுமா?" என்று கேட்டார்.

"வேணாம்மா" என்றேன். உண்மையிலேயே வேண்டாம் என்றுதான் இருந்தது. போனை வைத்த பிறகு ஜன்னல் முதியவரின் கோப்பைத் தேடி எடுத்தேன். மரச் சட்டம் வெளியே அப்படியே இருக்க, உள்பக்கம் குளிர் தாங்கும் இரண்டாவது கண்ணாடி போடலாம் என்று எழுதி, மறுபரிசீலனைக்கு வைத்தேன். குழுத் தலைவர் புருவத்தைத் தூக்கினார். கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடந்தது. கடைசியில் அனுமதி கிடைத்தது. முதியவர் எனக்கு நன்றி சொல்லவில்லை, "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார். நியாயம்தான்.

புது வீடு அடுத்த மழைக்கு முன்னால் எழும்பிவிட்டது. தெருவைவிட உயரம். டாம் வரைந்து அனுப்பிய வாய்க்காலை மேஸ்திரி பாதி அவன் சொன்னபடியும் பாதி தன் இஷ்டப்படியும் கட்டினார். தண்ணீர் ஓடுகிறது. அம்மாவுக்குப் புது வீட்டிலும் குறைகள் உண்டு. டைல்ஸ் வழுக்குகிறதாம். படி செங்குத்தாக இருக்கிறதாம், முட்டி வலிக்கிறதாம். ஏறாதீர்கள் என்றால் கேட்பதில்லை. சாயங்காலம் ஆனால் மாடிக்குப் போய்விடுகிறார்.

போன ஞாயிறு வீடியோவில் அழைத்தார். எங்களுக்குக் காலை. நிலா பல் துலக்கிக்கொண்டே வந்து திரையில் எட்டிப் பார்த்தாள். அம்மா போனைத் திருப்பி, தென்னைகளையும் ஆற்று மணலையும் தூரத்துக் கோபுரத்தையும் காட்டினார். பிறகு கைப்பிடிச் சுவரில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு மறந்துபோனார். எங்களுக்கு அவர் முழங்கையும் கொஞ்சம் வானமும் தெரிந்தன. கீழே தெருவிலிருந்து யாரோ ஒரு பெண் குரல் கேட்டது.

"இன்னாம்மா, மேல இன்னா பண்ணிக்கினு இருக்கற? துணி எடுக்கறியா?"

"இல்லம்மா" என்றார் அம்மா. "சும்மா நிக்கறேன்."